இராசநாயகம் எங்கள் வீட்டில் சாப்பிட்ட கதை

“நீங்க கண்டதா, கேள்விப்பட்டதா?”

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது ஷிஃபானா குரலை உயர்த்தமாட்டாள். மூக்குக் கண்ணாடி மட்டும் மூக்கின் நுனிவரை இறங்கி வரும். தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் இருப்பவர் அதுவரை நல்ல உற்சாகத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்திருப்பார். கேள்வி விழும். பிறகு, “கேள்விப்பட்டதுதான் பிள்ளை” என்று குரல் இறங்கி வரும்.

“பரவாயில்ல ஐயா. ஆரிட்டக் கேள்விப்பட்டீங்க?”

“நடராசா மாஸ்டர் சொன்னவர்.”

“அவரோட கதைக்க ஏலுமா?”

“அவர் செத்துக் கனகாலம்.”

“அப்பிடியா ஐயா. அவர்ட வீட்டில இப்ப ஆரு இரிக்கிற?”

செத்தவரிடமும் விசாரிக்காமல் விடமாட்டாள் என் தங்கச்சி. இதையெல்லாம் அவள் செய்வது என் வேலைக் கொட்டிலில், நான் அப்போதுதான் தைத்து முடித்த ஓட்டோ சீற்றில் உட்கார்ந்துகொண்டு. நிலத்தில் கிடக்கும் சீற்றில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் மடிக்கணினியை வைத்து ஏதோ ஓடாத ஓட்டோவில் எங்கோ பயணம் போகிறவளைப் போல் இருப்பாள். யாராவது இருந்து பார்த்தால்தான் குஷனின் குணம் எனக்கும் தெரியும் என்பதால் நான் எழுப்புவதில்லை.

வீடு அவளுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். நான் கல்யாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போய்விட்டேன். ஆனால் திருகோணமலை ஜமாலியாவில் கடலைப் பார்த்து நிற்கும் இந்த முன்கொட்டிலை மட்டும் விடவில்லை. ஓட்டோவுக்கு சீற் கவர், மேல்கூடாரம், வள்ளங்களை மூடும் படங்கு எல்லாம் தைத்துக் கொடுக்கிறேன். படித்தது எட்டாம் வகுப்பு. எட்டாம் வகுப்பையும் முழுதாகப் படிக்கவில்லை. இதை நான் இப்போது சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை வாசித்ததும் அவள் திருத்திவிடுவாள்.

அவள் பட்டதாரி. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறாள். மாப்பிள்ளை கட்டாரில். கம்பசில் அவளோடு படித்த ஒருவர் கொழும்பில் புத்தகம் போடுகிறார். பழைய வானொலி, தொலைக்காட்சி அறிவிப்பாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து ஒரு பெரிய புத்தகம். எழுதுகிறவர்கள் எழுதி அனுப்புவார்கள். அதில் உள்ளது உண்மையா என்று பார்த்துச் சொல்வது ஷிஃபானாவின் வேலை. என்னிடம் சீற் தைக்க வருகிற ஓட்டோக்காரர்களுக்கு நான் இதைச் சுருக்கமாகத்தான் சொல்வேன்.

“எண்ட தங்கச்சி ரேடியோக்காரங்கட சரித்திரம் எழுதுறா.”

உள்ளேயிருந்து குரல் வரும். “எழுதல்ல நானா. சரி பாக்கிறன்.”

“சரி பாக்கிறா எண்டா, அவ ஓம் எண்டு சொன்னாத்தான் புத்தகமே வரும்.”

“அப்பிடியும் இல்ல நானா.”

ஓட்டோக்காரர்கள் என் முகத்தையும் உள்வாசலையும் மாறிமாறிப் பார்ப்பார்கள். நான் ஊசியைப் பார்ப்பேன்.

இந்தப் பழக்கம் புத்தக வேலையோடு வந்ததில்லை. சின்ன வயதிலேயே இருந்தது. வேலை வந்த பிறகு அதற்கு ஒரு மரியாதை கிடைத்தது, அவ்வளவுதான். கடற்கரையில் மீன் விற்கும் றிப்தி அவளைக் கண்டதும் உசாராகிவிடுவான்.

“டீச்சர், இண்டைக்கு விடியப் பிடிச்ச பாரை.”

“நீங்க பிடிச்சீங்களா?”

“இல்ல, தோணிக்காரர் தந்த.”

“அப்ப தோணிக்காரர் சொன்னார் எண்டு சொல்லுங்க.”

ஒரு நாள் அவன் பொறுக்கமாட்டாமல், “டீச்சர், மீன் மௌத்தாப் போச்சு. அத மட்டும் நான் எண்ட கண்ணால கண்ட” என்றான். அவள் சிரிக்காமல் தலையாட்டி, மீனை வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரித்தாள்.

‘எல்லாரும்’ என்ற சொல்லை அவள் முன்னால் பாவிக்க ஏலாது. “ஊர்ல எல்லாருக்கும் தெரியும்” என்று ஒருவர் சொன்னால், “எல்லாரும் எண்டா ஆராரு?” என்பாள். என் பெண்சாதி இதனாலேயே அவளோடு கல்யாணவீட்டுக் கதை கதைப்பதில்லை. எங்கள் ஊரில் தெருவிலேயே திரியும் மான்கள் என் கொட்டிலுக்குள் தலையை நீட்டிக் காட்போட் மட்டையைத் தின்றுவிட்டன என்று நான் கத்தினால், “எந்த மான்?” என்று கேட்பாள். தின்ற மானையும் தின்னாத மானையும் ஒன்றாகத் திட்டுவது அவளுக்குப் பிடிக்காது.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு விசயத்தில் மட்டும் கேட்காமல் விட்டாள். அதைச் சொல்ல வேண்டுமானால் வ. இராசநாயகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் வயதுக்காரருக்கு அந்தக் குரலை மறக்க ஏலாது. ஐம்பதுகளிலிருந்து வானொலியில் அவருடைய ‘மாலைப் பந்தல்’ வரும். “அன்பு நேயர்களே, காதைக் கொஞ்சம் இங்கே தாருங்கள்” என்று அவர் தொடங்கும்போது குசினியில் சட்டி சத்தம் நிற்கும். பிறகு தொலைக்காட்சி வந்தபோது அதிலும் கொஞ்சக் காலம் நிகழ்ச்சி நடத்தினார். ஆனால் எழுபத்திரண்டில் தொலைக்காட்சி இல்லை. குரல் தெரியும், முகம் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

எழுபத்திரண்டில் எங்கள் ஊர் மைதானத்தில் ‘மாலைப் பந்தல்’ மேடை நிகழ்ச்சி என்று ஏற்பாடு நடந்தது. அந்த நாட்களில் ஒரு மத்தியானம் இராசநாயகம் எங்கள் வீட்டுக்கு வந்தார். மேலே குழாய் ஒலிபெருக்கி கட்டிய மொரிஸ் மைனர் காரில், அதே குரலில் பேசிக்கொண்டு வந்து, எங்கள் வாசலில் இறங்கினார். எனக்கு ஏழு வயது. வாப்பா துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்தார். உம்மா குசினிச் சேலைத்திரைக்குப் பின்னால் நின்று சோறும் கணவாய்க் கறியும் போட்டுத் தந்தா. நான்தான் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய் விறாந்தையில் வைத்தேன். அவர் பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டார்.

இந்தக் கடைசி வரிதான் கதையின் உயிர். யாழ்ப்பாணத்துத் தமிழர், பெரிய மனுசர், ஒரு முஸ்லிம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அந்த வீட்டு முறைப்படி பிஸ்மி சொன்னார். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஊரும் சொன்னது. பிரச்சினைக் காலம் முடிந்து ஒற்றுமைக் கூட்டங்கள் நடந்தபோது மேடைக்கு மேடை சொன்னார்கள். ஒரு கூட்டத்தில் பேச்சாளர் அந்த இடத்தில் கண் கலங்கினார். நானும் கலங்கினேன். பக்கத்தில் இருந்தவரிடம், “அது எங்கட வீடுதான்” என்றேன். அவர் எழும்பி எனக்குக் கதிரை தந்தார்.

எண்பதுகளில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் இராசநாயகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். நான் கோப்பை வைத்துக் கொடுத்தவர் கட்டையாக, சுருட்டை முடியோடு இருந்தார். இவர் நெடுவலாக, முன்வழுக்கையோடு இருந்தார். நான் கொஞ்சமும் தடுமாறவில்லை. “டீவியில ஆக்கள் நீண்டுதான் தெரியும்” என்று அங்கிருந்தவர்களுக்கு விளக்கம் சொன்னேன். முடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

புத்தகத்தில் இராசநாயகத்தைப் பற்றி எழுதியவர் எங்கள் ஊருக்கு வந்து நாலு பேரிடம் கேட்டு இதையும் எழுதிவிட்டார். “திருகோணமலைக்கு வந்திருந்தபோது ஜமாலியாவில் றம்லா உம்மாவின் வீட்டில் பிஸ்மி சொல்லி உணவருந்தியதை ஊரவர் இன்றும் நினைவுகூர்வர்.” தொகுப்பாளருக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போனது. ஷிஃபானா அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். றம்லா உம்மா. எங்கள் உம்மாவின் பெயர் கபுறடியில் நடும் மீசான் பலகையில்கூட எழுதப்படவில்லை. அச்சில் வரப்போகிறது. நான் தையல் மெசினை நிறுத்திவிட்டு, “இன்னொருக்கா வாசி” என்றேன். அவள் மறுபேச்சில்லாமல் வாசித்தாள்.

அந்த வரிக்குப் பக்கத்தில் அவள் ‘சரி’ என்று போட்டிருந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல்.

ஏன் என்று எனக்குத் தெரியும். உம்மா மௌத்தாகும்போது அவளுக்கு ஆறு வயது. உம்மாவின் படம் என்று எங்களிடம் இருப்பது அடையாள அட்டைக்கு எடுத்தது ஒன்றுதான். அதில் உம்மா யாரோ அதட்டியதைப் போல முறைத்துக்கொண்டிருப்பா. மற்றதெல்லாம் நான் சொன்ன கதைகள். அவற்றில் பெரியது இது. சின்னவளாக இருந்தபோது இதைச் சொன்னால்தான் தூங்குவாள். “உம்மா திரைக்குப் பின்னால நிண்டா” என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும், “என்ன நிறத் திரை?” என்பாள். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு நிறம் சொல்வேன்.

புத்தகம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக இருந்தது. திங்கட்கிழமை இராசநாயகத்தின் மகள் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து பேசினா. எழுபது தாண்டியவ, அப்பாவின் குறிப்பை வாசித்துப் பார்த்துவிட்டு எடுத்திருந்தா. மரியாதையான குரல்.

“எல்லாம் நல்லா இருக்கு பிள்ளை. திருகோணமலை விசயம் மட்டும் எனக்கு விளங்கேல்லை. அந்த வருசம் அப்பாவுக்குத் தொண்டையிலை ஒப்பிரேசன். மூண்டு மாதம் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. சிலேற்றிலை எழுதித்தான் அம்மாவோடை சண்டை பிடிச்சவர். வெளியிலை தெரிஞ்சால் வேலை போயிடும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உங்கடை ஊர் நிகழ்ச்சியையும் அப்பதான் நிப்பாட்டினது.”

ஷிஃபானா தன் கேள்வியைக் கேட்டாள். “கண்டது பிள்ளை. நான்தான் சிலேற்றைத் துடைக்கிறது” என்றா அவ.

தொலைபேசியை வைத்துவிட்டு ஷிஃபானா திருகோணமலை வரியை மடிக்கணினியில் திரும்ப எடுத்துப் பார்த்தாள். நான் தைத்துக்கொண்டே, “ஒரு ஆள்ர கதைதானே. நம்மட பக்கம் ஊரே இரிக்கு” என்றேன்.

“ஓம். ஊரக் கேப்பம்” என்றாள்.

கேட்டாள். ஒற்றுமைக் கூட்டத்தில் கண் கலங்கிய பேச்சாளர், அதை முடிவெட்டும் கடையில் கேட்டதாகச் சொன்னார். கடைக்காரர் தன் வாப்பா சொன்னதாகச் சொன்னார். வாப்பா இப்போது படுக்கையில். ஆனால் நினைவு நல்ல தெளிவு. “ஸெய்னுதீன் முடி வெட்ட வரக்குள்ள சொன்ன. தலைய ஆட்டி ஆட்டிச் சொன்ன, காது வெட்டுப்படப் பாத்திச்சு” என்றார். ஸெய்னுதீன் நான்தான். ஓய்வுபெற்ற ஒரு அதிபர், தனக்குச் சொன்னது ஒரு மீன் முதலாளி என்றார். மீன் முதலாளியிடம் போனால், “உங்கட நானாதான் மகள், வள்ளத்துக்குப் படங்கு தைக்க வந்த நேரம்” என்றார். கொழும்பிலிருந்து வந்து எழுதியவரை யாரிடமெல்லாம் அனுப்பினார்கள் என்று பார்த்தால், கடைசி ஆளாக என்னிடம் அனுப்பியிருந்தார்கள். நான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து ஒரு மணித்தியாலம் சொல்லியிருக்கிறேன்.

அந்த இரண்டு நாளும் பின்னேரம் வந்து, இன்றைக்கு யாரிடம் போனாள், அவர் யாரைக் காட்டினார் என்று ஷிஃபானா சொல்வாள். எந்த வழியால் போனாலும் வழி என் கொட்டிலுக்கே வந்து முடிந்தது. ஊர் முழுக்கத் தெரிந்த கதை என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தது, நான் ஒருவன் ஊர் முழுக்கச் சொன்ன கதை.

புதன்கிழமை என்னையே விசாரித்தாள். சீற்றிலிருந்து இறங்கி, எனக்கு முன்னால் முக்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

“நானா, கோவிக்காம சொல்லுங்க. அவர் சாப்பிட இருக்கக்குள்ள என்ன செய்த?”

“கை கழுவின. லேஞ்சிய எடுத்துத் தலையில கட்டின. பிஸ்மி சொன்ன.”

“முழுசாவா, அரவாசியா?”

“முழுசா. பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். நம்மட லெப்பை ஓதுற மாதிரி, அவ்வளவு திருத்தம்.”

“சாப்பிட்டு முடிய?”

“விரலச் சூப்பின. அல்ஹம்துலில்லாஹ் எண்ட.”

அவள் முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “போகக்குள்ள ஸலாமும் சொன்னவர்” என்றேன்.

“இராசநாயகம் ஐயாவுக்கு இதெல்லாம் ஆரு நானா படிப்பிச்ச?”

“பெரிய மனுசர். எல்லாம் தெரிஞ்சிரிக்கும்.”

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் என் காதில் விழுந்தது. நான் இழை பிசகாமல் தைக்கிறவன். மூலைத் தையலில் ஒரு நூல் தளர்ந்திருந்தால் முழுவதையும் பிரித்துத் திரும்பத் தைப்பேன். ஐம்பது வருடமாக எல்லாருக்கும் தூக்கிக் காட்டிய தையலில் அந்தப் பிஸ்மி நூல் வெளியே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதைப் பூ வேலை என்று நினைத்திருந்தேன்.

“அப்ப வந்தது ஆரு?” என்றேன். குரல் ஏழு வயதுக்குப் போய்விட்டது.

அதற்குப் பதில் அடுத்த வீட்டு ஜெமீலா மாமியிடம் இருந்தது. மதிலுக்கு மேலால் ஷிஃபானா கேட்டதும் மாமி பாக்கை ஒதுக்கிவிட்டுச் சொன்னா.

“அந்தக் கார்ல கத்திட்டுத் திரிஞ்சவனா? அவன் கிண்ணியா முனாஸ். ரேடியோக்காரனப் போல அச்சாக் கதைப்பான். கல்யாணத்துக்கெல்லாம் அவனத்தான் பிடிக்கிற.”

“மாமி, நீங்க ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லல்ல?” என்று கத்தினேன்.

“நீ கேட்டியா? நீ ஒருநாளும் கேக்கமாட்டாயே. சொல்லிட்டே இரிப்பாய். நடுவுல ஒரு மூச்சு விட்டாத்தானே நான் சொல்ல” என்றா மாமி.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனேன். பாலத்தில் காற்று அடித்தது. முந்தின இரவு தொகுப்பாளர் அவளோடு ஸ்பீக்கரில் பேசியதை, அங்கே துணைக்குப் படுக்கப் போயிருந்த என் பெண்சாதி கேட்டிருந்தாள். “நல்ல கதை ஷிஃபானா, நாட்டுக்கும் இப்ப தேவையான கதை. உம்மாட பேரும் வரும். ஊரவர் நினைவுகூர்வர் எண்டுதானே போட்டிருக்கு, ஊரவர் நினைவுகூருறது உண்மைதானே?” என்று அவர் கேட்டிருக்கிறார். “நாளைக்குச் சொல்றன்” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவள் ஒரு பதிலுக்கு நாள் கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை. முனாஸ் காக்கா மறதிக்காரராக இருந்துவிட்டால் நல்லது என்று பாலம் முடியும்வரை துஆக் கேட்டுக்கொண்டு போனேன். மனிதரின் ஞாபகசக்திக்கு எதிராகத் துஆக் கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முனாஸ் காக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. கட்டை. முடி வெள்ளை, ஆனால் இன்னும் சுருட்டை. படலையைத் திறந்து வந்தவரைக் கண்டதுமே நான் ஸலாம் சொல்ல மறந்துபோனேன். அவரை எனக்குத் தெரியும். அவருக்குத்தான் நான் கோப்பை வைத்தேன்.

விறாந்தையில் கதிரை போட்டார்கள். ஷிஃபானா விசயத்தைச் சொன்னாள். அவர் யோசிக்கவேயில்லை.

“ஜமாலியா. கடற்கரைப் பக்கம். கணவாய்க் கறி. வாசல்ல ஒரு பொடியன் வாயப் பிளந்துகொண்டு நிண்ட.”

“இவர்தான் மாமா” என்றாள் ஷிஃபானா.

“இப்பவும் அப்பிடித்தான் இரிக்கிறார்” என்றார் அவர்.

நான் வாயை மூடினேன். ‘மாலைப் பந்தல்’ மேடை நிகழ்ச்சிக்கு அறிவிப்புச் செய்துகொண்டு போன கார் சூடேறி நின்றுவிட்டதாம். தண்ணி கேட்கத்தான் இறங்கினாராம். ஒலிபெருக்கியில் கேட்ட குரலை நம்பிப் பிள்ளைகள் எல்லாம் “இராசநாயகம், இராசநாயகம்” என்று சூழ்ந்துகொண்டார்களாம்.

“நீங்க இல்லையெண்டு சொல்லல்லயா மாமா?”

“சொன்னனே. இந்தத் தம்பி தண்ணி அள்ளக் கிணத்தடிக்குப் போன நேரம், உங்கட உம்மா திரைக்கு உள்ளுக்கு நிண்டு கேட்டா. ‘நீங்கதான் ரேடியோவில கதைக்கிறவரா’ எண்டு. நான் மறைக்கல்ல. ‘இல்ல ராத்தா, நான் கிண்ணியா, அவரப் போலக் கதைப்பன், அவ்வளவுதான்’ எண்டன். பிறகு சொன்னா, ‘மகன் நல்லாச் சந்தோசப்படுறான், நீங்க ஒண்டும் சொல்லாதீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க’ எண்டு.”

ஷிஃபானா என்னைப் பார்க்கவில்லை. அதற்காக அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். உம்மா அந்தக் கதையை ஒருநாளும் சொன்னதில்லை என்பது எனக்கு அந்த விறாந்தையில் வைத்துத்தான் பிடிபட்டது. “உம்மாவும் சொல்லுவா” என்று நான்தான் ஒவ்வொரு தடவையும் சேர்த்துக்கொண்டேன். நான் அதை ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தபோது, உம்மா குசினிக்குள் பேசாமல் இருந்திருக்கிறா.

ஷிஃபானா கைபேசியை எடுத்தாள். தொகுப்பாளருக்கு எழுதியதை, எழுதிக்கொண்டே வாசித்தாள். “திருகோணமலை வரியை எடுத்துவிடவும். அவர் வரவில்லை. நல்ல கதைதான். அவருடைய கதை இல்லை.”

“உம்மாட பேர்” என்றேன்.

“ஓம் நானா. பேரும்தான்.” விரல் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அனுப்பினாள்.

நான் கடைசி முயற்சியாக, “முனாஸ் காக்காட பேரையும் உம்மாட பேரையும் சேத்து ஒரு வரி போட ஏலாதா?” என்றேன்.

“இது ஒலிபரப்பாளர் புத்தகம் நானா.”

“ஏன், நான் ஒலிபரப்பல்லயா?” என்று முனாஸ் காக்கா கோபித்தார். “நாலு பற்றறியும் ரெண்டு குழாயும் வெச்சு மூதூர் வரைக்கும் ஒலிபரப்பின ஆள் நான்.”

ஷிஃபானா சிரித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். “மாமா, இவ்வளவு காலம் போயும் எப்பிடி இதெல்லாம் ஞாபகம்?”

“அதுவா?” கிழவர் வெட்கப்பட்டார். “சாப்பிட்டு முடிய, கறிக்கு என்ன குடுக்கிற எண்டு யோசிச்சன். காசு குடுத்தா மரியாதையில்ல. இவர் கோப்பையக் கழுவக் கிணத்தடிக்குப் போன நேரம், பேரக் கேட்டுக்கொண்டு, திரையப் பாத்து, அவர்ட குரல்ல உங்கட உம்மாக்கு ஒரு பாட்டு அறிவிச்சன். ரேடியோவில சொல்ற மாதிரி. உம்மா சிரிச்சா பாருங்க மகள், உள்ளுக்கு அகப்பை விழுந்த சத்தம் கேட்டிச்சு. எத்தினையோ மேடையில கதைச்சிட்டன், அப்பிடி ஒரு சிரிப்ப ஆரும் எனக்குத் தரல்ல.”

ஷிஃபானா துடைப்பதை நிறுத்தினாள்.

“அத ஒருக்காச் சொல்லிக் காட்டுங்க மாமா.”

“தொண்டை போயிட்டுது மகள்.”

“பரவாயில்ல.”

அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சேட்டின் கழுத்துப் பித்தானைப் பூட்டினார். வலது கையைக் குவித்து ஒலிவாங்கியைப் போல் வாய்க்கு முன்னால் பிடித்தார். முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு, அடியில் எங்கேயோ இருந்து, அந்தக் குரல் வந்தது. வ. இராசநாயகம் வந்தார்.

“அன்பு நேயர்களே, காதைக் கொஞ்சம் இங்கே தாருங்கள். திருகோணமலை, ஜமாலியாவிலிருந்து அன்பு நேயர் றம்லா அவர்கள் விரும்பிக் கேட்கும் பாடல்...”

குரல் நின்றது. கை வாய்க்கு முன்னாலேயே இருந்தது. கிழவர் கண்ணை மூடித் தேடினார்.

“என்ன பாட்டு எண்டு வரல்ல மகள்.”

எனக்கு உடனே ஒரு பாட்டு வந்தது. நல்ல பாட்டு, அந்த இடத்துக்கு அளவெடுத்துத் தைத்ததைப் போல. நான் வாயைத் திறந்தேன். ஷிஃபானா கிழவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள்.